மூக்கில் குடியிருக்கும் கிருமி: மருந்துக்கு அடங்காததும் மூர்க்கமானதும் ஒன்றல்ல

மூட்டு மாற்று அறுவைக்கோ இதய அறுவைக்கோ நாள் குறித்தபின், சில மருத்துவமனைகளில் மூக்கில் ஒரு பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். இரண்டு மூன்று நாளில் வரும் ரிப்போர்ட்டில் ‘ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், எம்.ஆர்.எஸ்.ஏ.’ என்று இருந்துவிட்டால் வீடே கலங்கிப்போகிறது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆனால் ‘மருந்துக்கு அடங்காத கிருமி’ மூக்கில் இருக்கிறதாம். மும்பையில் டாக்டர் இந்தியிலோ மராத்தியிலோ இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடும் இந்த விஷயம், தாராவியிலும் செம்பூரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் பாதிதான் போய்ச் சேர்கிறது. மீதியை இங்கே பார்க்கலாம்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கிருமியை எந்த மருந்து கொல்லும் என்பது ஒன்று. இது உடம்புக்குள் புகுந்தால் என்ன சேதம் செய்யும் என்பது மற்றொன்று. முன்னது மருந்து எதிர்ப்புத் திறன். பின்னது நோய் உண்டாக்கும் வீரியம். இரண்டுக்கும் மரபணுக்கள் வேறு, அவை கிருமிக்குள் வந்து சேரும் வழிகளும் பெரும்பாலும் வேறு. மருந்துக்கு மசியாத கிருமி எல்லாம் மூர்க்கமானது அல்ல. எந்த மருந்து கொடுத்தாலும் செத்துப்போகிற ‘சாது’க் கிருமி ஒரே இரவில் ஆளைச் சாய்த்துவிடவும் கூடும்.

மூக்கில் எந்த இடம்?

ஆரோக்கியமாக நடமாடுகிறவர்களில் எந்த நேரத்தில் சோதித்தாலும் ஏறக்குறைய 30 சதவீதம் பேரின் மூக்கில் ஸ்டாஃப் ஆரியஸ் இருக்கும். இனி இதைச் சுருக்கமாக ஸ்டாஃப் என்போம். சுமார் 20 சதவீதம் பேரிடம் அது நிலையாகவே இருக்கிறது. மற்றவர்களிடம் வந்து போகிறது. சிலரிடம் ஒட்டுவதே இல்லை.

அது இருக்கும் இடம் சளிச்சவ்வு உள்ள ஆழமான பகுதி அல்ல. மூக்குத் துவாரத்தின் வாசலில், மயிர் முளைக்கும் இடத்தில், வெளித்தோலைப் போன்ற தோல் இருக்கிறதே, அங்கேதான். அந்தத் தோலின் மேற்செல்களில் லோரிக்ரின் என்ற புரதம் உண்டு. ஸ்டாஃபின் மேற்பரப்பில் உள்ள ‘க்ளம்பிங் ஃபாக்டர் பி’ என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. மூக்கு நோண்டும் பழக்கம் உள்ளவர்களிடம் ஸ்டாஃப் அதிகம் காணப்படுவதில் ஆச்சரியம் இல்லை. விரல்தான் அதற்கு வாகனம். மூக்கில் இருப்பவர்களில் பலருக்கு அக்குள், தொடை இடுக்கு, தொண்டை ஆகிய இடங்களிலும் அது இருக்கும். இதைப் பின்னால் சிகிச்சை பற்றிப் பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூக்கில் ஸ்டாஃப் தனியாக இல்லை. கோரினிபாக்டீரியம், ஆரியஸின் உறவினமான ஸ்டாஃப் எபிடெர்மிடிஸ் என்று பல இனங்கள் அதே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. சிலரின் மூக்கில் ஸ்டாஃப் லுக்டுனென்சிஸ் என்ற இனம் இருக்கிறது. அது லுக்டுனின் என்ற பொருளைச் சுரந்து ஸ்டாஃப் ஆரியஸைக் கொல்கிறது என்று ஜெர்மனியின் ட்யூபிங்கன் ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினார்கள். தேவையில்லாமல் ஆன்ட்டிபயாட்டிக் விழுங்கும்போது நமக்குச் சாதகமான இந்தப் போட்டியாளர்களும் சேர்ந்தே சாகிறார்கள்.

மூக்கில் இருப்பதால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தோலில் ஒரு வெட்டோ, ரத்தக்குழாயில் ஒரு ஊசியோ, அறுவைக் காயமோ வழி திறந்தால்தான் பிரச்சினை. 2001-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், ஸ்டாஃப் ரத்தத்தில் புகுந்த நோயாளிகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் ரத்தத்தில் இருந்த கிருமியும் மூக்கில் இருந்த கிருமியும் ஒரே ரகம். வெளியிலிருந்து வந்த எதிரி என்று நினைத்தது பெரும்பாலும் சொந்த மூக்கிலிருந்தே வந்திருக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2004-ல் வந்த ஒரு டச்சு ஆய்வின்படி, மூக்கில் ஸ்டாஃப் உள்ளவர்களுக்கு மருத்துவமனையில் ரத்தத் தொற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் தொற்று வந்தபின் இறப்பு, மூக்கில் இல்லாதவர்களிடம்தான் அதிகம். சுமந்துகொண்டே இருந்ததால் உடம்பு அதற்கு ஓரளவு பழகியிருக்கலாம்.

மருந்து ஏன் தோற்கிறது?

பென்சிலின் வகை மருந்துகள் அனைத்தும் குறிவைப்பது கிருமியின் செல்சுவரை. அந்தச் சுவரைப் பின்னும் நொதிகளைக் கொத்தனார்கள் என்று வைத்துக்கொண்டால், பென்சிலின் போய் அவர்கள் கையில் பசையாக ஒட்டிக்கொள்கிறது. வேலை நின்று, சுவர் பொத்தலாகி, கிருமி வெடித்துச் சாகிறது. இதற்கு ஸ்டாஃப் கண்டுபிடித்த முதல் பதில் பசையையே வெட்டிப்போடுவது. ‘ப்ளா-ஸெட்’ என்ற மரபணு தரும் பென்சிலினேஸ் நொதி அந்த வேலையைச் செய்கிறது. பென்சிலின் புழக்கத்துக்கு வந்த 1940-களிலேயே இது தலைதூக்கிவிட்டது. இன்று மனித மூக்கில் உள்ள ஸ்டாஃபில் பெரும்பாலானவை பென்சிலினுக்கு அடங்காதவை. ஆகவே ரிப்போர்ட்டில் பென்சிலினுக்கு நேரே ‘ஆர்’ (அடங்காது) என்று இருந்தால் அதில் செய்தி எதுவும் இல்லை.

அந்த நொதியால் வெட்ட முடியாத மருந்தாக மெத்திசிலின் 1959-ல் வந்தது. 1961-ல் இங்கிலாந்திலிருந்து எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலினுக்கும் அடங்காத ஸ்டாஃப் ஆரியஸ், பற்றிய முதல் அறிக்கை வந்துவிட்டது. இந்த முறை கிருமி பசையைத் தொடவில்லை. பசை ஒட்டாத கை உள்ள புதுக் கொத்தனாரைக் கொண்டுவந்தது. அதன் பெயர் ‘பி.பி.பி.2ஏ’, அதைத் தரும் மரபணு ‘மெக்-ஏ’. இது இருந்தால் க்ளாக்ஸாசிலின், அமாக்ஸிசிலின்-க்ளாவுலனேட், செஃபலெக்ஸின், செஃபிக்ஸிம் எல்லாம் ஒரே அடியாக வீண். ரிப்போர்ட்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று இருக்கும்போது இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ‘எஸ்’ (அடங்கும்) போட்டிருந்தால், அந்த லேபை இன்னொரு முறை கேட்பது நல்லது.

மெக்-ஏ தனியாக வருவதில்லை. ‘எஸ்.சி.சி.மெக்’ என்ற நகரும் மரபணுத் துண்டுக்குள் வருகிறது. மருத்துவமனைக்குள் வளர்ந்த பழைய ரகங்களில் இந்தத் துண்டு பெரியது. வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பும் அதில் ஏறியிருக்கும். அதைச் சுமப்பது கிருமிக்கே பாரம், வளர்ச்சி மந்தமாகும். ஆஸ்பத்திரிக்கு வெளியே, ஆரோக்கியமானவர்களிடம் பரவும் ரகங்களில் பெரும்பாலும் 4 அல்லது 5-ஆம் வகைச் சிறிய துண்டுதான் இருக்கிறது. பாரம் குறைவு என்பதால் அவை சாதாரண ஸ்டாஃபோடு போட்டி போட்டு மூக்கில் நிலைத்துவிடுகின்றன.

சேதம் செய்வது எது?

வீரியத்துக்கான ஆயுதங்கள் பல. ‘கோஆகுலேஸ்’ ரத்த நீரை உறையவைத்து, கட்டியைச் சுற்றி ஒரு வேலி கட்டிக்கொள்கிறது. ‘புரோட்டீன் ஏ’ நம் எதிர்ப்புப் புரதங்களைப் பிடிக்கக்கூடாத முனையில் பிடித்துத் தலைகீழாக மாட்டிவிடுகிறது. அவை வேலைக்கு உதவாமல் போகின்றன. ‘பி.வி.எல்.’ என்ற நச்சு வெள்ளணுக்களின் மேல்தோலில் துளை போட்டுக் கொல்லும். கொஞ்ச நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி வருகிறவர்களிடம் இந்த நச்சின் மரபணு அடிக்கடி காணப்படுகிறது. அபூர்வமாக, ஃப்ளூ காய்ச்சலுக்குப் பின் நுரையீரலையே அரித்துவிடும் நிமோனியாவிலும் இதைப் பார்க்கிறோம். பி.வி.எல். மரபணுவைக் கொண்டுவருவது கிருமிகளைத் தாக்கும் ஒருவகை வைரஸ்.

பிறகு உணவு நச்சுகள். சமையல் செய்பவரின் மூக்கிலிருந்தோ விரல் வெட்டிலிருந்தோ ஸ்டாஃப் தேங்காய்ச் சட்னியிலோ பால் இனிப்பிலோ விழுந்து, மும்பைப் புழுக்கத்தில் சில மணி நேரம் வெளியே இருந்தால், பெருகி நச்சைச் சுரந்துவிடும். மறுபடி சூடாக்கினால் கிருமி சாகும்; நச்சு சாகாது, கொதிநிலையில் அரை மணி நேரம் தாங்கும். சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி பிடுங்கும். இங்கே கிருமி எல்லா மருந்துக்கும் அடங்குகிற ரகமாகவே இருந்தாலும், ஆன்ட்டிபயாட்டிக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. வயிற்றுக்குள் போனது ஏற்கெனவே சுரந்துவிட்ட நச்சு.

மரபணு இருக்கிறது என்பதும் அது வேலை செய்கிறது என்பதும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ‘ஏ.ஜி.ஆர்.’ என்ற அமைப்பின் மூலம் ஸ்டாஃப் தன் கூட்டத்தின் அடர்த்தியை அளந்து, போதுமான கூட்டம் சேர்ந்தபின்தான் பல நச்சுகளைச் சுரக்கத் தொடங்குகிறது. மூக்கில் அந்த அமைப்பு பெரும்பாலும் அடங்கியே கிடக்கிறது. ஒட்டிக்கொள்ள உதவும் புரதங்கள்தான் அங்கே மும்முரமாக உற்பத்தியாகின்றன. எனவே ஆரோக்கியமானவரின் மூக்கு ஸ்டாஃபில் பி.வி.எல். மரபணு உள்ளது என்று ஓர் ஆய்வு சொன்னால், அவருக்கு நோய் வரப்போகிறது என்று பொருள் இல்லை.

மருந்து எதிர்ப்பும் வீரியமும் ஒரே கிருமியில் சேர்ந்தால் கவலை அதிகம். இந்தியத் துணைக்கண்டத்தில் உருவான ‘எஸ்.டி.772’ என்ற ரகம் அப்படிப்பட்டது. வங்காள விரிகுடாவின் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது. மெக்-ஏ, பி.வி.எல். இரண்டும் உண்டு, கூடவே எரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்றவற்றுக்கும் எதிர்ப்பு. மும்பை நோயாளிகளிடம் எஸ்.டி.22, எஸ்.டி.772 என்ற இரண்டு ரகங்களும் பரவிவருவதை 2010-ல் வெளியான ஆய்வு பதிவு செய்தது.

லேபில் என்ன செய்கிறார்கள், எங்கே சறுக்கும்?

மலட்டு உப்புநீரில் நனைத்த ஸ்வாபை மூக்கினுள் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் விட்டு, சுவரோடு ஒட்டி நாலைந்து முறை சுழற்ற வேண்டும். அதே ஸ்வாபால் அடுத்த துவாரத்திலும் எடுக்கலாம். கொரோனா சோதனைபோல் ஆழமாகக் குத்தினால் கிருமி இருக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். 24 மணி நேரத்துக்குள் லேபுக்குச் சேர வேண்டும்.

அங்கே 7.5 சதவீதம் உப்பும் மன்னிட்டால் என்ற சர்க்கரைப் பொருளும் கலந்த அகார் கூழில் தேய்க்கிறார்கள். மூக்கின் மற்றப் பல கிருமிகள் இந்த உப்பில் வளராது. ஸ்டாஃப் ஆரியஸ் மன்னிட்டாலைப் புளிக்கவைத்து மஞ்சள் நிறம் காட்டும். எபிடெர்மிடிஸ் இளஞ்சிவப்பாகவே நிற்கும். ஆனால் மஞ்சள் என்பதால் மட்டும் முடிவுகட்டக்கூடாது, மன்னிட்டாலைப் புளிக்கவைக்கும் வேறு இனங்களும் உண்டு. அடுத்து டியூப் கோஆகுலேஸ் சோதனை: முயல் பிளாஸ்மாவில் கிருமியைக் கலந்து 4 மணி நேரத்தில் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் மட்டும் பார்ப்பது தவறு. சில ரகங்கள் உறைந்ததைத் தாமே கரைத்துவிடும், காலையில் பார்க்கிறவருக்கு ‘நெகட்டிவ்’ என்றே தெரியும்.

மருந்துச் சோதனை முல்லர்-ஹின்டன் அகாரில், 4 மி.மீ. தடிமனில். கிருமியைக் கரைத்த நீரின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற நிலையான அளவுக்கு இருக்க வேண்டும். மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத இடம் வளையமாகத் தெரியும். கலங்கல் அடர்ந்தாலோ அகார் தடித்தாலோ வளையம் சுருங்கி, அடங்கும் கிருமி அடங்காததுபோல் தெரியும். எம்.ஆர்.எஸ்.ஏ.வைக் கண்டுபிடிக்க 30 மைக்ரோகிராம் செஃபாக்ஸிடின் வில்லையை வைக்கிறார்கள். வளையம் 22 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் சாதாரண ஸ்டாஃப். 21 அல்லது அதற்குக் கீழ் என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ. இங்கே ஒரு பொறி உண்டு. வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எதிர்ப்பு மறைந்துகொள்ளலாம். எல்லாத் தட்டையும் ஒரே 37 டிகிரிப் பெட்டியில் அடுக்கும் லேபில் எம்.ஆர்.எஸ்.ஏ. நழுவிப்போக வாய்ப்பு உண்டு.

இன்னொரு பொறி க்ளின்டாமைசின் என்ற மருந்து. எரித்ரோமைசின் வில்லையும் (15 மைக்ரோகிராம்) க்ளின்டாமைசின் வில்லையும் (2 மைக்ரோகிராம்) 15 முதல் 26 மி.மீ. இடைவெளியில் அருகருகே வைக்க வேண்டும். ‘இ.ஆர்.எம்.’ என்ற எதிர்ப்பு மரபணு உறங்கிக்கொண்டிருக்கும் கிருமியை எரித்ரோமைசின் தட்டி எழுப்பிவிடும். க்ளின்டாமைசினின் வட்ட வளையம் எரித்ரோமைசின் பக்கம் மட்டும் தட்டையாகி, ஆங்கில ‘டி’ எழுத்துபோல் ஆகும். அப்படி ஆனால் க்ளின்டாமைசினுக்கும் எதிர்ப்பு என்றே எழுத வேண்டும். இந்தச் சோதனை செய்யாமல் ‘எஸ்’ என்று வந்த ரிப்போர்ட்டை நம்பி மருந்து கொடுத்தால், பாதியில் கட்டி திரும்ப வீங்கலாம். எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்குக் கொடுக்கும் வான்கோமைசினை வில்லை வைத்து அளக்கவே கூடாது. எவ்வளவு அடர்த்தியில் வளர்ச்சி நிற்கிறது என்று அளந்துதான் சொல்ல வேண்டும்.

மரபணுவைத் தேடி விரைவாக விடை சொல்லும் பி.சி.ஆர். சோதனையிலும் கவனம் தேவை. ஆபத்தில்லாத எபிடெர்மிடிஸிலும் மெக்-ஏ ஏராளமாக உண்டு. ஸ்வாபில் அதுவும் சாதாரண ஸ்டாஃப் ஆரியஸும் கலந்திருந்தால், மெக்-ஏவை மட்டும் தேடும் சோதனை இரண்டையும் கூட்டி எம்.ஆர்.எஸ்.ஏ. என்று சொல்லிவிடும். மெக்-ஏ ஸ்டாஃப் ஆரியஸின் மரபணுத் தொடரிலேயே இணைந்திருக்கிறதா என்று பார்க்கும் கிட் இந்தத் தவறைக் குறைக்கும்.

சளிக்கு மாத்திரை போட்டால் மூக்குக் கிருமிக்கு என்ன?

ஜூனில் மழை தொடங்கினால் மும்பையில் சளியும் இருமலும் வீட்டுக்கு வீடு. மெடிக்கலில் ‘மூணு நாள் கோர்ஸ்’ என்று அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் ஸ்ட்ரிப் கேட்டு வாங்குவது சர்வசாதாரணம். சளிக்குக் காரணமான வைரஸை அது தொடாது. மூக்கில் உள்ள பாக்டீரியாக்களை மட்டும் தொடும். அடங்குபவை சாகும், இ.ஆர்.எம். மரபணு உள்ளவை மிஞ்சி, காலியான இடத்தை நிரப்பும். அசித்ரோமைசின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 68 மணி நேரம் ஆகும். மாத்திரை முடிந்தபின்னும் கொல்லப் போதாத அளவில் பல நாள் திசுக்களில் தங்கி, எதிர்ப்பு உள்ளவற்றுக்கே சாதகமாக இருக்கும். ஆரோக்கியமானவரின் மூக்கில் எதிர்ப்பு ரகம் எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பெரும்பகுதி பதில் இந்த ஸ்ட்ரிப்பிலும், அதைப் போட்ட பக்கத்து ஆளின் விரலிலும் இருக்கிறது. அட்டையின் முதுகில் உள்ள சிவப்புக் கோடு மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதற்கான அடையாளம்.

எப்போது மூக்கைச் சுத்தம் செய்வது?

எல்லோருக்கும் அல்ல. பெரிய அறுவைக்கு முன்பு, டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, கட்டி திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு மருத்துவர் சொன்னால் செய்யலாம். 2010-ல் வெளியான ஒரு டச்சு ஆய்வில், மூக்கில் ஸ்டாஃப் இருந்த நோயாளிகளுக்கு இப்படிச் செய்தபோது மருத்துவமனை ஸ்டாஃப் தொற்று 7.7 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தது. அறுவைக்கு முன் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று தெரிந்தால் இன்னொரு மாற்றமும் உண்டு. வழக்கமான செஃபாஸோலினோடு வான்கோமைசினும் சேர்ப்பார்கள். அது மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து; கத்தி வைப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தொடங்கலாம்.

மூக்குக்கு 2 சதவீத முபிரோசின் களிம்பு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 5 நாள். ஒவ்வொரு துவாரத்துக்கும் தீக்குச்சித் தலை அளவு போதும். தடவியபின் மூக்கை வெளியிலிருந்து அமுக்கி விடுவித்து மருந்தைப் பரப்ப வேண்டும். தோலுக்கான ஆயின்ட்மென்ட்டின் அடிப்பொருள் மூக்குக்குள் எரியும். மூக்குக்கென்றே உள்ள தயாரிப்பைக் கேட்டு வாங்குங்கள். மிஞ்சிய டியூபை வைத்துக்கொண்டு பூச்சிக்கடிக்கும் சிராய்ப்புக்கும் மாதக்கணக்கில் தடவுவதுதான் முபிரோசினுக்கே எதிர்ப்பு வளரும் வழி.

மூக்கை மட்டும் சுத்தம் செய்தால் அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருப்பது சில வாரங்களில் திரும்பி வந்துவிடும். அதனால் அதே நாட்களில் 4 சதவீத க்ளோர்ஹெக்ஸிடின் திரவத்தால் குளிக்க வேண்டும். தொட்டிக் குளியல் பற்றி வெளிநாட்டுக் குறிப்புகளில் வருவதை விட்டுத்தள்ளுங்கள். நம் வீடுகளில் பக்கெட்தான். திரவத்தைப் பக்கெட்டில் ஊற்றிக் கலக்கக்கூடாது, நீர்த்துப்போகும். உடம்பை நனைத்து, திரவத்தை நேராகத் தோலில் தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் பிறகு கழுவுங்கள். கண், காது, வாயில் படக்கூடாது. சோப்பு போட்டிருந்தால் முழுக்கக் கழுவிய பிறகே தடவ வேண்டும். சோப்பு மிச்சம் இருந்தால் க்ளோர்ஹெக்ஸிடின் செயலிழக்கும். துண்டு, உள்ளாடை, தலையணை உறையை அந்த நாட்களில் தினமும் மாற்ற வேண்டும்.

மாம்பழ சீசனில் வரும் கட்டியை ‘சூட்டுக்கட்டி’ என்று சொல்லிப் பழி மாம்பழத்தின் மேல் போடுகிறோம். வியர்வையும், உராய்வும், ஒரே அறையில் ஐந்தாறு பேர் ஒரே துண்டைப் பகிர்வதும்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சலூன் சவரக்கத்தி, ஜிம் பெஞ்ச் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். பெரிய கட்டிக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுவது. வேலி கட்டிய சீழுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. அந்தச் சீழைக் கழுவி எறியாமல் மருந்து தொடங்கும் முன்பே லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் கட்டியை ஒருபோதும் பிதுக்கக்கூடாது. அங்குள்ள ரத்தநாளங்கள் மூளைப் பக்கம் வழி உள்ளவை. வீட்டில் இரண்டு மூன்று பேருக்குக் கட்டி மாறி மாறி வந்தால் ஒருவருக்கு மட்டும் சுத்திகரிப்பு செய்வது வீண்வேலை. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் செய்தால் மறுபடி வருவது குறைகிறது.

கோர்ஸ் முடிந்த அன்றே மறுபடி ஸ்வாப் எடுக்காதீர்கள். மூக்கில் மிச்சமிருக்கும் மருந்தால் கிருமி தட்டில் வளராமல் போய், பொய்யாக ‘இல்லை’ என்று வரும். குறைந்தது 48 மணி நேரம், முடிந்தால் ஒரு வாரம் விட்டு எடுக்கலாம். அறுவை, டயாலிசிஸ், திரும்பத் திரும்பக் கட்டி எதுவும் இல்லாத வீட்டில் அந்த ஸ்வாபுக்கே தேவை இல்லை.